ஒரே வரிசையில் எல்லா நோயாளிகளுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சர்க்கரை நோயுள்ள என் தாயாரை மாதந்தோறும் அரசு மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறேன். முதல் பேருந்தில் வெறும் வயிற்றோடு வரும் அவர், சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதித் தரும் பரிசோதனைக்காக ரத்தம் கொடுப்பதற்குள் மணி பத்தைத் தாண்டிவிடுகிறது. பிறகு சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுத்து, முடிவு கைக்கு வரும்போது புறநோயாளிகள் பிரிவு முடிந்திருக்கும்; அந்தத் தாளைக் காட்டி மாத்திரையின் அளவை மாற்றிக்கொள்ள இன்னொரு நாள் வர வேண்டியிருக்கிறது. கூலி வேலையை விட்டுவிட்டுத் துணைக்கு வருவோருக்கு அது இரண்டு நாள் சம்பளம். சென்ற மாதம், இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் மயங்கிச் சரிந்ததைப் பார்த்த பிறகே இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

மருத்துவர்களும் செவிலியர்களும் மூச்சுவிட நேரமின்றி உழைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யார் எந்த நிலையில் வந்தாலும் ஒரே வழியில் அனுப்பும் ஏற்பாடுதான் மாற வேண்டும். மாற்ற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டமே சான்று. அதில் நோய் உறுதியானதுமே உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, நிலை மோசமாக உள்ளவரை மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை அளிக்க வழி செய்திருக்கிறார்கள். பெரிய கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

இதே முறையில், சீட்டு கொடுக்கும் இடத்திலேயே ஒரு செவிலியர் அமர்ந்து, "சாப்பிட்டீர்களா, ஊசி போட்டீர்களா, காலில் புண் இருக்கிறதா" என்று கேட்டால் போதும். சாப்பிடாமல் வந்திருக்கும் பழைய நோயாளி நேரே ரத்தம் கொடுக்கப் போகலாம். காலில் புண் உள்ளவர் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். ஊசி போட்டுக்கொண்டு பட்டினியாக நிற்பவருக்கு உடனே சர்க்கரை அளவைப் பார்த்துச் சாப்பிட வைக்கலாம்.

அதற்கு முன், நோயாளிகள் சிலருடன் காலை முதல் மாலை வரை உடன் நடந்து, எங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்புகளைக் கொண்டு, நோயாளிகள் வரிசை வரிசையாக நகர்வதைக் கணினியில் நடத்திக் காட்டும் ஒரு மாதிரியை உருவாக்கினால், ஆய்வகத்தை ஒரு மணி நேரம் முன்னதாகத் திறப்பதால் கூட்டம் எங்கே குறையும், எங்கே கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். மக்கள் நல்வாழ்வுத் துறை ஏதேனும் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில் இதை ஒரு மாதம் நடத்திப் பார்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்