வழுக்களைச் சோதிக்கும் தன்னார்வலரின் பணியை எழுத்தில் வரையறுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூல நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள்களுக்குக் கல்லூரி மாணவர்கள் பங்களிக்க முன்வர வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளியான கட்டுரையை வாசித்தேன். நிரல் எழுதுவதைப் பற்றி அதில் விரிவாகவே சொல்லியிருந்தார்கள். மென்பொருளின் வழுக்களை, அதாவது பிழைகளை, சோதித்து வகைப்படுத்தும் பணியோ, 'நிரல் எழுதத் தெரியாதவர்களும் செய்யலாம்' என்ற ஒரே வரியோடு முடிந்துவிட்டது. ஒரு திறந்த மூல அலுவலக மென்பொருளின் வழுப் பதிவேட்டில் ஆறு ஆண்டுகளாகத் தன்னார்வலராக உழைத்து வருகிறேன். அந்தப் பணி ஒரு வரிக்குள் அடங்கக்கூடியதன்று என்பதையும், அதன் எல்லைகளை எழுதி வைக்காமல் ஆட்களை மட்டும் அழைத்தால் என்ன நேரும் என்பதையும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஒரு பள்ளி ஆசிரியை, 'தமிழில் தேடல் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதி எங்கள் பதிவேட்டில் ஒரு வழுவைப் பதிந்திருந்தார். தமிழ் அறியாத நிரலாளர் ஒருவர் தம் கணினியில் ஒரு தமிழ்ச் சொல்லை உள்ளிட்டுத் தேடிப் பார்த்தார், கிடைத்தது. 'எனக்கு வேலை செய்கிறது' என்று குறித்துப் பதிவை மூடிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. இரண்டு மாதம் கழித்து அது என் கண்ணில் பட, ஆசிரியையிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கினேன். மாணவர் பட்டியலில் 'கோமதி' என்ற பெயர் கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் இல்லை என்கிறது. எழுத்துகளைக் கணினி சேமித்து வைக்கும் குறியெண்களைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட அந்தக் கோப்பில் 'கோ' என்பது ககரம், இரட்டைக் கொம்பு, கால் என மூன்று குறியெண்களாகக் கிடந்தது. நம் விசைப்பலகையோ ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக இடுகிறது. எழுத்துகளுக்குக் குறியெண் வகுக்கும் உலகத் தரமான யூனிகோடு இவ்விரண்டையும் நிகரானவை என்றே வரையறுத்திருக்கிறது. திரையிலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் தேடும் நிரல் இரண்டையும் ஒருவடிவப்படுத்தாமல் ஒப்பிட்டதால் பெயர் சிக்கவில்லை. கோப்பையும், நிகழ்த்திக் காட்டும் படிகளையும், எதிர்பார்த்த விளைவையும் நான்கு வரியில் எழுதிப் பதிவை மீண்டும் திறந்த பிறகு, அதே நிரலாளர் அதைச் சரிசெய்து தந்தார்.

இதில் மூன்று தனித்தனிப் பணிகள் இருக்கின்றன. குறையைக் கண்டு சொன்னவர் பயனர். எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில், எந்தப் படிகளைச் செய்தால் அது நிகழ்கிறது என்று நிறுவுவது சோதனையாளரின் வேலை. ஏற்கெனவே பதிவானதா, எவ்வளவு கடுமையானது, எந்தக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பது டிரையேஜ் என்னும் வகைப்படுத்தல். அவசர சிகிச்சைப் பிரிவில் வந்தவர்களின் நிலையைப் பார்த்து யாரை முதலில் மருத்துவரிடம் அனுப்புவது என்று முடிவு செய்வதற்கும் இதே பெயர்தான். ஒருவரே மூன்றையும் செய்யலாம். ஆனால் இப்போது எதைச் செய்கிறோம் என்ற தெளிவு அவருக்கு வேண்டும்.

நன்கு நடக்கும் திட்டங்கள் இதை எழுதியே வைத்திருக்கின்றன. லிப்ரே ஆபிஸ் என்னும் திறந்த மூல அலுவலக மென்பொருளில் ஒருவர் பதிந்த வழு 'உறுதிசெய்யப்படாதது' என்ற நிலையில் தொடங்கும்; வேறொருவர் தம் கணினியில் அதை நிகழ்த்திப் பார்த்த பிறகே அடுத்த நிலைக்கு நகரும். லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியன், வழுவின் கடுமையின் ஏழு படிகளையும் வரையறுத்து, மேல் மூன்று படிகளில் உள்ளவை வெளியீட்டையே தடுக்கும் என்று விதித்திருக்கிறது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவில் வழுவின் முக்கியத்துவத்தை மாற்றும் உரிமை, தாம் செய்த வகைப்படுத்தல்களைக் காட்டி விண்ணப்பித்துச் சேர்ந்தவர்களுக்கே உண்டு. நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் தளமும் 2019-இல், நிரலில் கைவைக்க இயலாத, பதிவுகளை மட்டும் ஒழுங்குபடுத்தக்கூடிய தனி அனுமதி நிலையை ஏற்படுத்தியது. அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் புதியவர் அச்சமின்றி வேலை செய்வார்.

வரையறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கண்டிருக்கிறேன். ஒரு கல்லூரியில் ஒருநாள் பயிலரங்கு நடத்தி, ஆளுக்கு ஒரு வழுவேனும் பதிந்தால்தான் சான்றிதழ் என்று அறிவித்துவிட்டார்கள். அன்று மாலைக்குள் வந்து குவிந்தவற்றில் பெரும்பாலானவற்றில் பதிப்பு எண்கூட இல்லை. பல பதிவுகள் பக்கத்து இருக்கை மாணவர் எழுதியதன் நகல்கள். விளக்கம் கேட்டு நாங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுத ஒருவரும் திரும்பி வரவில்லை. அவற்றைக் களைந்து முடிக்க எங்கள் மூவருக்கு மூன்று வாரம் பிடித்தது. மாணவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். இதுதான் உங்கள் வேலை, இந்த அளவுக்கு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. உலக அளவிலும் இது நடந்ததுதான். திறந்த மூலத் திட்டங்களின் நிரலுக்கு நான்கு மாற்றங்களை அனுப்பினால் டி-ஷர்ட் தரப்படும் என்ற ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020-இல் பொருளற்ற மாற்றங்கள் குவிந்ததால், விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

மறுபுறம், கவனமாகச் சோதிப்பவர் ஒருவரின் மதிப்பு எவ்வளவு என்பதை 2024 மார்ச் மாதம் காட்டியது. டெபியனின் நிலைபெறாப் பதிப்பில் வேலை செய்துகொண்டிருந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் நிரலாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அதை விடாமல் துருவியதில், எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்த பின்வாசல், அதாவது பிறர் கணினிக்குள் அத்துமீறி நுழையும் கள்ளவழி, அம்பலமானது. அதை வைத்தவரும் தன்னார்வலராகவே வந்து, களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரின் நம்பிக்கையை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பெற்றவர்தான். எழுதிய வரையறை இருந்திருந்தால் அது நேர்ந்தே இருக்காது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த உழைப்புக்கு எந்த உரிமை என்ற கணக்கு இல்லாத இடத்தில், களைப்பே முடிவெடுத்துவிடுகிறது.

ஆகவே, பயிலரங்கு நடத்தும் கல்லூரிகளையும் கணித்தமிழ் ஆர்வலர் குழுக்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களை அனுப்பும் முன், அந்தத் திட்டத்தினரோடு பேசி, ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு ஒன்றை எழுதிக் கையில் கொடுங்கள்: எந்தப் பதிப்பைச் சோதிப்பது, பதிவில் என்னென்ன இருக்க வேண்டும், எதை அவர் மாற்றலாம், எதை மாற்றக் கூடாது, வாரம் எத்தனை மணி நேரம், ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது, விலக நினைத்தால் யாரிடம் ஒப்படைப்பது. பதிவுகளின் எண்ணிக்கைக்குச் சான்றிதழ் தருவதை நிறுத்தி, பழைய பதிவுகளில் ஐந்தை மீண்டும் நிகழ்த்திப் பார்த்து உறுதிசெய்தவருக்குக் கொடுங்கள். தமிழ் தெரிந்தவர் கைபட வேண்டிய பதிவுகள் எங்கள் பதிவேட்டிலேயே ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. குறிப்பு எழுத உதவி தேவைப்படும் எந்தக் கல்லூரிக்கும் என் சனிக்கிழமை மாலைகளை ஒதுக்கித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தன்னார்வச் சோதனையாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி