30 ஆண்டு சிறை: எந்தத் தேதியிலிருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசிய நீதிமன்றச் செய்திகளில் '30 ஆண்டு சிறை' என்று எழுதும்போது, அது எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். குடும்பங்கள் விடுதலை நாளைத் தப்பாகக் கணக்கிடுவதற்குப் பெரும்பாலும் அந்த ஒரு வரி இல்லாததே காரணம்.

நன்னடத்தைக்காகத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 30 ஆண்டு என்றால் 20 ஆண்டு உள்ளே. 40 என்றால் 26 ஆண்டு 8 மாதம். உள்ளே ஒழுங்கு மீறினால் இந்தச் சலுகை நாட்களை வெட்டிவிடுவார்கள்.

ஆனால், நீதிபதி வேறு விதமாக உத்தரவிடாவிட்டால் தண்டனை தீர்ப்பு நாளில்தான் தொடங்கும். ஒருவர் 2010-இல் கைதாகி, ஜாமீன் இல்லாமல் இருந்து, 2016-இல் தீர்ப்புப் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். 30 ஆண்டுத் தண்டனை கைதான நாளிலிருந்து என்றால் 2030-இல் வெளியே வருவார். தீர்ப்பு நாளிலிருந்து என்றால் 2036. அதே தண்டனைதான், 6 ஆண்டு கூடிவிடுகிறது. தண்டனையைக் குறைக்கக் கோரி வாதாடும்போதே வழக்கறிஞர் இதைக் கேட்க வேண்டும். நீதிபதி சம்மதித்தால் மட்டும் போதாது. சிறை வாரண்டில் அந்தத் தேதி ஏறியிருக்கிறதா என்று அன்றே பாருங்கள். சிறையில் வாரண்டை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4-ஆம் தேதி ரத்தான பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. கூட்டரசு நீதிமன்றம் மறுஆய்வில் மரண தண்டனையை 30 முதல் 40 ஆண்டு வரையிலான சிறையாக மாற்றியபோது, '30' என்ற எண்ணைக் கேட்டே மனம் உடைந்த தாய்மார்கள் உண்டு. ஏற்கெனவே 18 ஆண்டு இருந்தவருக்கு, கைதான நாளிலிருந்து கணக்கிட்டால் மீதி 2 ஆண்டுதான். அதை அங்கேயே யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

அடுத்த குழப்பம் பரோல், அதாவது தண்டனை முடியும் முன்பே கண்காணிப்பின் கீழ் வெளியே விடுவது. 2008-இல் வந்த இந்த ஏற்பாட்டில் தண்டனையில் பாதியைக் கழித்திருக்க வேண்டும். பலர் 12 ஆண்டுத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து 8 ஆக்கி, அதில் பாதி 4 என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியல்ல. பாதி என்பது முழுத் தண்டனையின் பாதி, அதாவது 6 ஆண்டு. அதுவும் விடுதலை நாள் அல்ல, பரோல் வாரியம் பரிசீலிக்கத் தகுதி வரும் நாள். சில குற்றங்களுக்குப் பரோலே கிடையாது.

நன்னடத்தைச் சலுகையில் எப்படியும் 8 ஆண்டு முடிந்ததும் வந்துவிடுவார் என்பதால், பரோலில் கிடைப்பது அதிகம் போனால் 2 ஆண்டு. அந்த 2 ஆண்டையும் தாமதம் தின்றுவிடக் கூடாது. பரோல் அதிகாரி வீட்டையும் பொறுப்பேற்கும் உறவினரையும் விசாரிப்பார். பிபிஆர் (அரசின் மக்கள் வீடமைப்புத் திட்ட) வீட்டிலிருந்து மாறிப் போய், கைப்பேசி எண்ணும் மாறியிருந்தால் விசாரணை அங்கேயே நின்றுவிடும். முகவரி மாறினால் அடுத்த சந்திப்பிலேயே சிறையில் சொல்லிவிடுங்கள்.

அபராதம் கட்டாததற்கான சிறை தனி. மூலத் தண்டனைக்கு மேல் சேரும்.

சிறைச்சாலை இலாகாவிடமும் ஒரு வேண்டுகோள். கைதியின் 'இடிஆர்' தேதியையும் (சலுகை நாட்கள் கழிந்து மிக விரைவில் விடுதலையாகக்கூடிய நாள்), பரோல் தகுதி இருந்தால் அந்தத் தேதியையும், முதல் சந்திப்பிலேயே குடும்பத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

கைதிகளின் குடும்பங்களுக்கு உதவும் தொண்டர்கள்,
செந்தூல், கோலாலம்பூர்