வலித்தால் அவள் அழமாட்டாள்

அன்புள்ள தங்கச்சி,

போன ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில், கூழ்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாய்: "மகனுக்கு முதுகெலும்பு வளைவுக்கு ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமா? சொல்லுங்கக்கா." நான் வாயைத் திறப்பதற்குள் உன் மாமியார் கூப்பிட்டார்கள், போய்விட்டாய். இங்கே பாரிட்ஜ் பிரேயர் என்கிற கூழ் ஊற்றும் பூஜைக் கூட்டத்தில் நின்று பேசுகிற விஷயமா இது? அதனால்தான் எழுதுகிறேன். உன்னைப்போலவே கல்யாணமாகி ஊரிலிருந்து டர்பனுக்கு வந்தவள் வேறு யாராவது இதே கேள்வியோடு இருக்கலாம் என்பதால், பெயர் எதுவும் போடாமல் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

செய், செய்யாதே என்று நான் சொல்லமாட்டேன். என் மகளுக்குச் சரியாக வந்தது உன் மகனுக்கும் வரும் என்று எந்தத் தைரியத்தில் சொல்வது? எங்களுக்கு எப்படி முடிவானது என்று மட்டும் சொல்கிறேன். எக்ஸ்ரேயில் என் மகளின் முதுகெலும்பு வளைவு 82 டிகிரி. அவளைப்போலப் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்ஸி) உள்ள பிள்ளைகளுக்கு 50 டிகிரியைத் தாண்டிவிட்டால், வளர்த்தி நின்ற பிறகும் வளைவு கூடிக்கொண்டே போகக்கூடும், உடம்பைச் சுற்றிப் போடும் பிரேஸ் உட்கார உதவுமே தவிர வளைவை நிறுத்தாது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அப்போதும் நான் தலையாட்டவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வலப்பக்க விலா எலும்பு இடுப்பெலும்பின் மேலேயே இடித்துக்கொண்டிருந்தது. நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ரோட்டில் போகிற டாக்ஸிகளின் ஹாரனுக்கெல்லாம் சிரிக்கிற பிள்ளை அவள். அன்றைக்கு இருபது நிமிஷத்தில் கண்ணைப் படுக்கையறைப் பக்கம் திருப்பிவிட்டாள். படுக்கப் போகணும் என்று அர்த்தம். அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் "செய்துவிடலாம்" என்றேன். தம்பி எவ்வளவு நேரம் உட்காருகிறான், எவ்வளவு சாப்பிடுகிறான், எப்போது முகம் சுளிக்கிறான் என்று ஒரு மாதம் குறித்து வை. டாக்டரிடம் பேசும்போது எக்ஸ்ரேயோடு அதையும் மேஜைமேல் வை.

ஆபரேஷனுக்கு முந்தைய வேலைகளைப் பற்றி நிறைய எழுதப்போவதில்லை, அவர்களே சொல்லித் தருவார்கள். எடையை ஏற்றச் சொல்வார்கள். ஒல்லியான பிள்ளைக்குப் புண் ஆறுவது கஷ்டம். பல் டாக்டரிடம் காட்டு, சொத்தைப் பல்லிலிருந்து கிருமி போகக்கூடாது. வலிப்புக்கு வால்ப்ரோயேட் கொடுக்கிறாய் என்றால் மறக்காமல் சொல், ரத்தம் உறைவதை அது பாதிக்கலாம். ஆனால் நீயாக நிறுத்திவிடாதே. இவ்வளவுதான்.

ஆயா, அதாவது என் மாமியார், ஒரு மஞ்சள் கயிறு கட்டி அனுப்பினார்கள். கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், தமிழில் பேசினால் பாதி இங்கிலீஷ்தான் வரும், ஆனால் வேண்டுதல் மட்டும் சுத்தத் தமிழில். ஆபரேஷன் தியேட்டருக்குள் கயிறு கூடாது என்று சொல்லப்போகிறார்கள் என்று பயந்துகொண்டே நின்றேன். அந்த ஜூலு நர்ஸம்மா ஒன்றும் பேசாமல், அதன்மேல் ஒரு பிளாஸ்திரியைச் சுற்றி ஒட்டி உள்ளே கூட்டிப்போனார்.

ஏழு மணி நேரம். கழுத்துக்குக் கீழேயிருந்து இடுப்பெலும்பு வரை இரண்டு கம்பிகள், வரிசையாகத் திருகாணிகள். அந்தக் கம்பிதான் காலத்துக்கும் முதுகைத் தாங்கும் என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாகிறவரை பிடித்து வைக்கத்தான் கம்பி.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. இதற்காகத்தான் கடிதமே.

என் மகளுக்குச் சின்ன வலி என்றால் பல்லை நறநறவென்று கடிப்பாள். பெரிய வலி என்றால் சத்தமே வராது. இடது கைக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கிக்கொண்டு, மேலே ஒரே இடத்தைப் பார்த்தபடி கிடப்பாள். பார்க்கிறவர்களுக்கு அமைதியாக இருப்பதாகத்தான் தோன்றும். ஐசியூவில் இரண்டாவது நாள் ராத்திரி அப்படித்தான் கிடந்தாள். முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறாளா என்று ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, பத்துக்கு எவ்வளவு என்று வலியைக் கணக்குப் பண்ணுவார்கள். பிளாக் (FLACC) என்று அதற்குப் பெயர். அழவில்லை, உதைக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. சார்ட்டில் ஒன்று என்று எழுதியிருந்தது. மருந்தின் அளவைக் குறைத்திருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேசாமல் நின்றேன். படித்தவர்களுக்குத் தெரியாதா, நாம் ஏன் குறுக்கே பேசுவானேன் என்று ஒரு பாழாய்ப்போன மரியாதை. முக்கால் மணி நேரம் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல்தான் கோபம். கடைசியில் டியூட்டி மாறி வந்த நர்ஸ், "மாமா, இது உங்கள் பிள்ளையின் வழக்கமான முகமா?" என்று கேட்டார். உனக்குத் தெரியும், இங்கே மாமா என்றால் அம்மா. அவ்வளவுதான், எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. அழுதுகொண்டே, "இது ஒன்று இல்லை, எட்டு" என்றேன். டாக்டரைக் கூப்பிட்டார்கள். மருந்து ஏறி இருபது நிமிஷம் கழித்துக் கட்டைவிரல் வெளியே வந்தது.

பிறகுதான் தெரிந்தது, அந்தக் கணக்கிலேயே திருத்தப்பட்ட ஒரு முறை இருக்கிறது. பேசமுடியாத பிள்ளைக்கு வலி எப்படி இருக்கும் என்று பெற்றவர்கள் சொல்வதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். அதாவது அவர்களே நம்மைக் கேட்க வேண்டும் என்றுதான் முறை. கேட்கவில்லையென்றால் நீ சொல். விடிந்ததும் ஒரு தாளில் மார்க்கரால் பெரிதாக எழுதினேன்: பல்லைக் கடித்தால் கொஞ்சம் வலி, கட்டைவிரல் உள்ளே போனால் நிறைய வலி, கண் இடப்பக்கம் போனால் புரட்டிப் படுக்க வைக்கவும். இங்கிலீஷில்தான் எழுதினேன். அதற்குக் கீழே அந்த நர்ஸ் ஜூலுவில் இரண்டு வரி சேர்த்தார். கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம். அதற்கப்புறம் யார் வந்தாலும் முதலில் அவள் கையைத்தான் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு கதை. பதினாலு வருஷம் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பழகியவள் நான். அப்படித் தூக்கவே கூடாது என்றார்கள். ஒரு கை தொடைக்குக் கீழே, ஒரு கை முதுகுக்குப் பின்னால், இல்லையென்றால் இரண்டு பேர், இல்லையென்றால் ஹாய்ஸ்ட் என்கிற தூக்கும் கருவி. புரட்டுவதென்றால் மரக்கட்டையை உருட்டுகிற மாதிரி உடம்பு மொத்தமாக ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். மலச்சிக்கல் எங்களை மூன்று வாரம் படுத்தியது, வலிக்குக் கொடுக்கிற மார்பின் மருந்து குடலைத் தூங்கவைத்துவிடும். அவள் ஏழு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டாள்! பழைய வீல்சேர் சீட் ஒன்றுக்கும் உதவவில்லை. புதிதாக அளவெடுத்து வர இரண்டு மாதம் ஆனது, நீ முன்கூட்டியே கேட்டு வை. இன்னொன்று, கரண்டியைப் பார்த்து முன்னால் குனிந்து வருவாளே, அந்தக் குனிதல் போய்விட்டது. இப்போது கரண்டிதான் அவளிடம் போக வேண்டும். எனக்கு அது ரொம்ப நாள் வருத்தமாக இருந்தது. முழுத் தட்டும் காலியாகிறதே என்று தேற்றிக்கொண்டேன்.

சம்பந்தமில்லாமல் ஒன்று: தம்பிக்கு 16 ஆகிவிட்டது. ஊனமுள்ள பிள்ளைக்காக அரசு தருகிற கேர் டிபென்டன்சி கிராண்ட் 18 வயதோடு நின்றுவிடும். பெரியவர்களுக்கான டிசபிலிட்டி கிராண்டுக்கு, உதவித்தொகை தருகிற அரசு அலுவலகமான சாசாவில் (SASSA) புதிதாக மனுப்போட வேண்டும். ஆபரேஷன் அலைச்சலில் இதை விட்டுவிடாதே.

அந்தத் தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, மூலைகளில் டேப்போடு. சனிக்கிழமை பீனிக்ஸில் உன் வீட்டுக்கு வருகிறேன், மாதிரிக்கு அதையும் எடுத்து வருகிறேன். பெரிய தாளும் மார்க்கரும் நீ வாங்கி வை. உன் வீட்டுக்காரரையும் கூடவே உட்கார வை, சில சாடைகள் அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த் அக்கா