எங்களைப் பற்றி எழுதியதை எங்களிடமும் காட்டுங்கள்: ஒரு சமூகவியல் துறைக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் துறை மாணவர்கள் ஆண்டுதோறும் ஆய்வுப் படிவத்தோடு எங்கள் ஊருக்கு வருவது உங்களுக்குத் தெரியாததல்ல; அனுப்புவதே நீங்கள்தானே. வருகிறவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். படிவம் மலாயில் இருக்கும், பாட்டிமார் தமிழில் பேசுவார்கள், நடுவில் நான். இதுவரை மறுத்ததில்லை. நல்ல பிள்ளைகள். வெயிலில் அலைந்து வருகிறவர்களை உட்கார வைத்து மைலோ கலந்து கொடுப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

சென்ற மாதம் வந்த படிவத்தைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

ரப்பர்த் தோட்டப் பின்னணி கொண்ட இந்தியக் குடும்பங்கள் பின்தங்கியிருப்பதற்கு முதன்மைக் காரணம் என்ன என்று ஒரு கேள்வி. கீழே கட்டங்கள்: மதுப்பழக்கம், குண்டர் கும்பல், கல்வியில் அக்கறையின்மை, உழைப்பில் நாட்டமின்மை, குடும்பச் சிதைவு, மற்றவை. ஏதாவது ஒன்றில் அடையாளம் போட வேண்டும். இதை நான் மொழிபெயர்த்துக் கேட்க வேண்டியிருந்தது யாரிடம் தெரியுமா? விடியும் முன்பே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டி, பால் வாளி சுமந்தே தோள் காய்த்துப்போன ஒரு பாட்டியிடம். உழைப்பில் நாட்டமின்மை என்பதை அவர் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, தோட்டத்த வித்துட்டானுங்கன்னு போட இதுல எடம் இருக்கா?" என்றார்.

இல்லை. 'மற்றவை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு இருந்தது. பாட்டி அரை மணி நேரம் பேசினார். தோட்டம் கைமாறியதும் லயத்து வீட்டை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்யச் சொன்னது. வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் தோட்டத்தின் விதி. கடைசி ஆண்டுகளில் அவரைக் குத்தகையாளின் கீழ் மாற்றிவிட்டதால், நட்ட ஈடு கணக்குப் பார்த்தபோது அந்த உழைப்பு கணக்கிலேயே வராமல் போனது. இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்த மகன் பள்ளியை விட்டு ஈப்போவில் ஒரு பட்டறைக்குப் போனது. புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு, அப்புறம் மலிவு விலை அடுக்குமாடி. மரம் வெட்டத் தெரிந்த கைக்குப் பட்டணத்தில் யாரும் ஒரு காசு தருவதில்லை. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டைதான் தன்னிடம் இருப்பதைப் பற்றியும் சொன்னார். அத்தனையையும் மாணவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, அந்தக் கோட்டின் மேல் ஒரே சொல் எழுதினார்: இடமாற்றம்.

அந்தப் பையன் மேல் தப்பில்லை. அதற்கு மேல் எழுதினால் கணினியில் ஏற்ற முடியாது என்றான். படிவம் விரிவுரையாளர் கொடுத்தது என்றான்.

பாட்டி விடவில்லை. "போன தடவ வந்த புள்ளைங்க எழுதிட்டுப் போனது என்னாச்சு?" என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆகவே உங்களிடம் கேட்கிறேன். எங்கள் ஊரில் எடுத்த ஆய்வுகளின் முடிவை எங்கள் ஊருக்குக் கொண்டு வாருங்கள். தமிழில் கொண்டு வாருங்கள். இந்த மடலின் முக்கியக் கோரிக்கை இதுதான்.

கோரிக்கை சிறியதுதான், கோபம் அவ்வளவு சிறியதல்ல. அந்த மாணவரின் பாடக்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். கோம்ட், மார்க்ஸ், டர்கைம், வேபர் என்று ஐரோப்பியச் சமூகவியல் முன்னோடிகள் பக்கம் பக்கமாக. கடைசியில் பதினான்காம் நூற்றாண்டு அரபு அறிஞர் இப்னு கல்தூனுக்கு ஒரு பத்தி, மரியாதைக்கு. சரி, உங்கள் பாடத்திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தற்கொலையைக் கூடத் தனி மனிதனின் மனக்கோளாறு என்று மட்டும் பார்க்கக் கூடாது, அதன் ஏற்ற இறக்கத்துக்குச் சமூகத்தில் காரணம் தேட வேண்டும் என்று டர்கைம் 1897-ல் புத்தகமே எழுதினார். உங்கள் படிவமோ ஒரு தொழில் அழிந்து ஓர் ஊரே கலைந்ததற்கு ஆட்களின் குணத்தில் காரணம் தேடுகிறது. டர்கைம் படித்தால் அவரே மதிப்பெண் குறைத்திருப்பார்.

அந்த ஒரு பத்தி இப்னு கல்தூனும் உங்களுக்கு உதவ மாட்டார். அரசியலில் அடிபட்டு ஒதுங்கி, இன்றைய அல்ஜீரியாவில் ஒரு கோட்டையில் தங்கி, 1377-ல் முகத்திமா என்ற வரலாற்று நூலை எழுதியவர் அவர். மக்கள் கூட்டங்களுக்குள் காணும் வேறுபாடுகள் அவர்கள் பிழைப்பு நடத்தும் வழியிலிருந்து வருபவை என்று அதில் சொல்கிறார். பிழைக்கும் வழியை யார் எடுத்தார்கள் என்று உங்கள் படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை.

சோம்பேறி என்ற பட்டத்துக்கு இந்த மண்ணிலேயே பெரிய வரலாறு உண்டு, அதை எழுதியவரும் நம் நாட்டவர். சமூகவியலாளர் சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977-ல் வெளியிட்ட நூலில், மலாய்க்காரர் சோம்பேறி என்ற கதையைக் காலனி முதலாளித்துவம் எதற்காகக் கட்டியது என்று பிட்டுப் பிட்டு வைத்தார். தன் வயலை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர மறுத்தவன் சோம்பேறி ஆனான். அவருக்கு முன்பே, 1890-ல், பிலிப்பினோக்கள் மீது சுமத்தப்பட்ட இதே பழிக்குப் பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் பதில் எழுதிவிட்டார். அதே காலனிக் கணக்கில், தோட்டக் கூலிக்கு வந்த எங்கள் தாத்தாமார் என்னவாக இருந்தார்கள்? அடக்கமானவர்கள், சொன்னபடி கேட்பவர்கள். வராதவனுக்குச் சோம்பேறிப் பட்டம், வந்தவனுக்கு அடக்கப் பட்டம், இரண்டையும் எழுதியது ஒரே பேனா. இப்போது தோட்டம் போனதும் வந்தவனின் பேரப் பிள்ளைக்கும் அந்த முதல் பட்டத்தையே கொடுக்கிறீர்கள். துரைமார் போய்விட்டார்கள், பேனாவை மட்டும் உங்களிடம் விட்டுப் போனார்கள் போலிருக்கிறது. பிறருடைய கேள்விகளையே தன் கேள்வியாக நினைத்துக்கொள்ளும் அறிவாளியைச் சிறைப்பட்ட மனம் கொண்டவர் என்று அலாத்தாஸ் எழுதினார். அவர் யாரை நினைத்து எழுதினாரோ, எனக்குத் தெரியாது.

பாட்டி சொன்ன காரணம் புதிதும் அல்ல. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது அவை துண்டு துண்டாகப் பிரிந்ததையும் அதில் தொழிலாளர் பட்ட பாட்டையும் பொருளியலாளர் உங்கு அசிஸ் 1960களின் தொடக்கத்திலேயே ஆய்வு செய்து அறிக்கையாகக் கொடுத்தார். அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்தார். எங்கள் ஊரில் வயதானவர்கள் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். உங்கள் படிவத்துக்கு மட்டும் தெரியவில்லை.

நீங்கள் இன்னொருவரையும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். 1896-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம், ஃபிலடெல்ஃபியா நகரில் கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த ஏழாம் வட்டாரத்தை ஆராய டு பாய்ஸ் என்ற கறுப்பின இளைஞரை அமர்த்தியது. அந்த மக்களிடம் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள நகரத்துப் பெரிய மனிதர்களுக்கு ஆசை. அவருக்கு அங்கே வகுப்பு எடுக்கவும் இடம் தரவில்லை. அவர் அந்த வட்டாரத்திலேயே குடியிருந்து, வீடு வீடாக ஏறி இறங்கி, 1899-ல் நூலை வெளியிட்டார். கோளாறு என்று சொல்லப்பட்டதற்குப் பின்னால் வரலாறும், நிறம் பார்த்து மறுக்கப்பட்ட வேலைகளும் இருப்பதைக் காட்டினார். தங்களை ஏதோ விசித்திரப் பிராணிபோல ஆராய்வது அந்த மக்களுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் பிற்காலத்தில் மறைக்காமல் எழுதினார். எங்கள் பாட்டி கேட்டதும் கிட்டத்தட்ட அதைத்தான். சீனச் சமூகவியலாளர் ஃபெய் சியாவ்தொங்கையும் சொல்லலாம். தன் அக்காள் பட்டுநூல் கூட்டுறவு நடத்த உதவிய சீனக் கிராமத்தில் 1936-ல் ஆய்வு செய்தார். மூன்று ஆண்டில் புத்தகம் வந்தது. அதன் பிறகும் வாழ்நாள் முழுக்க அந்தக் கிராமத்துக்குப் பல தடவை திரும்பிப் போனார். நடுவில் அவர் நாட்டில் சமூகவியலே பல்கலைக்கழகங்களிலிருந்து விரட்டப்பட்ட காலமும் இருந்தது, அப்படியும் போனார். உங்கள் துறையை யாரும் விரட்டவில்லை, நெடுஞ்சாலையும் நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்திலும் சிலர் இருக்கிறார்கள். சமூகவியல் என்றதும், "எல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கு" என்று மைக் பிடித்துவிடுவார்கள். நிலத்தோடு தெய்வம், உணவு, தொழில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த திணைப் பகுப்பு பெரிய சிந்தனைதான், சந்தேகமில்லை. ஆனால் அது பாட்டிலக்கணம். குத்தகையாளின் சம்பளக் கணக்கை அதில் தேட முடியாது. லயத்துக்குள் சாதி என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால், 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த சாதி பற்றிய கட்டுரையைப் படிக்க வேண்டும். அதைப் பற்றிப் பேச இந்த மைக்காரர்களுக்குப் பிடிக்காது. தீபாவளிக்கு அரிசிப் பையோடு வந்து பாட்டியைப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்துக்கொள்ளும் தலைவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. அவர்களாவது அரிசி கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

சரி, உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன். மாணவர்களை அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் அனுப்புங்கள். இதுவரை எங்கள் ஊரில் எடுத்த ஆய்வுகளின் முடிவுகளைத் தமிழில் சுருக்கி, ஊருக்கு ஒரு படி கொடுங்கள். தடித்த புத்தகம் வேண்டாம், பாட்டிக்கு வாசித்துக் காட்டப் பத்துப் பக்கம் போதும். அடுத்த படிவத்தை அச்சடிக்கும் முன் இங்கே இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். எந்தக் கட்டம் விடுபட்டது என்று அவர்களே சொல்வார்கள், அதற்குச் சம்பளமும் கேட்க மாட்டார்கள்.

அந்தப் பத்துப் பக்கம் வரும்வரை அடுத்த படிவத்தை மொழிபெயர்க்க என்னால் இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வந்து வாசித்துக் காட்ட உங்களில் ஒருவரே மனம் வைத்தால் இன்னும் மகிழ்ச்சி. சனிக்கிழமை மாலையில் கோயில் மண்டபம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். நாற்காலியும் ஒலிபெருக்கியும் எங்கள் பொறுப்பு. கேள்வி நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கி வாருங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வாசி ஒருத்தி