ரிப்போர்ட்டின் இரண்டாவது வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். 30 வயதைத் தாண்டிய பெண்கள் கூச்சப்படாமல் போகவேண்டும் என்றது சரி. கும்பகோணம் பக்கம் 25 வருடம் லேபில் ஸ்லைடு பார்த்தவள் நான். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனையில் புற்றுநோய் செல்லைத் தேடும்போது தேடாததும் கண்ணில் படும். அதைக் கட்டுரையில் காணோம்.

சில சமயம் அது டிரைக்கோமோனாஸ் கிருமியாக இருக்கும். நீலமும் ரோஸுமாகச் சாயமேறிய செல்களுக்கு நடுவே, பேரிக்காய் வடிவில், அழுக்கு ஒட்டினாற்போல் சாம்பலாகத் தெரியும். அபூர்வமாகக் கீரிப்பூச்சி முட்டையும் உண்டு. ஒரே ஒரு தடவை யானைக்கால் புழுவின் குஞ்சு சுருண்டு கிடந்தது. யானைக்கால் நோய் இருக்கிறதா என்று பார்க்க ராத்திரியில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்த ஊர்தான் எங்களுடையது. இருந்தாலும் அதை அந்த இடத்தில் எதிர்பார்க்கவில்லை, டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பெண்ணுக்குக் கால் வீக்கமே இல்லை. வீட்டுக்கு வந்து கொடுத்த யானைக்கால் மாத்திரையை வாங்கி அலமாரியில் போட்டுவிட்டேன் என்றாள்.

இப்போது என் சின்ன நாத்தனார் கதை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்துகொண்டாள். "கேன்சர் இல்லம்மா, நிம்மதியா போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் அரிப்பும் வெள்ளைப்படுதலுமாக, உடம்புச் சூடு என்று வெந்தயத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். துணிக்கடைப் பையிலிருந்து அவள் எடுத்துக் காட்டிய ரிப்போர்ட்டில், புற்றுநோய் இல்லை என்ற வரிக்கு அடுத்த வரியே டிரைக்கோமோனாஸ்! மெட்ரோனிடசோல் மாத்திரையில் தீர்கிற விஷயம். தீர்ந்தது, அப்புறம் இரண்டே மாதத்தில் திரும்ப வந்தது. அவள் வீட்டுக்காரருக்கு யாரும் மாத்திரை எழுதிக்கொடுக்கவில்லை. இது உடலுறவில் தொற்றுவது, இருவரும் சேர்ந்து சாப்பிடவேண்டும். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தெரியாது, அதனால் "எனக்கென்ன" என்பார்கள்.

மருந்தை விடக் கஷ்டம் சந்தேகம்தான். இந்தக் கிருமி மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில்கூட, சத்தமில்லாமல் இருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று ஸ்லைடைப் பார்த்து யாராலும் சொல்லமுடியாது. இதை டாக்டர் இருவரையும் உட்காரவைத்து ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால், அந்த வீட்டில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை நின்றிருக்காது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனையில் இந்தக் கிருமிகள் தெரியாது. அங்கே போகிறவர்கள் அரிப்போ நாற்றமோ இருந்தால் நர்ஸிடம் வாய்விட்டுச் சொல்லிவிடவேண்டும். அடுத்த கட்டுரையில் இதையும், கணவருக்கான மாத்திரையையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
கும்பகோணம் வட்டம்.