பல்லாங்குழியும் பள்ளிப் பையில் இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகள் கைப்பேசியில் சதுரங்கச் செயலி வைத்து ஆடிப் பழகுவது நல்லதுதான். தோற்ற ஆட்டத்தைப் பின்னோக்கிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் மனக்கணக்குக்குப் பல்லாங்குழி வேண்டும். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. ஒரு குழியின் காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுச் செல்ல வேண்டும். கடைசிக் காய் எங்கே விழும் என்று அள்ளுமுன்பே கணிப்பதில்தான் பயிற்சி இருக்கிறது. பல்லாங்குழியையும் செயலியில் ஆடி, காய்களை அதுவே பகிர்ந்து போட்டால் விரலும் பழகாது, எண்ணிக்கையும் பழகாது. சிறு பிள்ளைகளுக்குக் குழிக்கு 3 காய் போதும். பல்லாங்குழி போன்ற மலாய் ஆட்டமான சொங்காக்கின் பலகையிலும் ஆடலாம்; இரு முனைப் பெருங்குழிகளில் வென்ற காய்களை வைக்கலாம். தோட்டத்தில் கிடைக்கிறதென்று ரப்பர் கொட்டையை மட்டும் எடுக்காதீர்கள். பெரிதாக இருப்பதால் குழி நிரம்பி வழியும், கணக்கு குழம்பும். பச்சைப் பருப்பில் நஞ்சும் உண்டு, பிள்ளைகள் கடித்துவிடுவார்கள்.

– ஒரு வாசகர், சுங்கை சிப்புட், பேராக்