பருத்தி விதைக்குள் அடக்கிய மரபணு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் மரபணுத் திருத்தம் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். மரபணுவைத் திருத்தி நம் நாட்டில் உருவாக்கிய கமலா நெல் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால், மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறை 'கிரிஸ்பர் வந்தபின் காலாவதியாகிவிட்டது' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார் கட்டுரையாளர். கிரிஸ்பர் என்பது மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கருவி. கோவையில் ஒரு திசு வளர்ப்பு ஆய்வகத்தில் பருத்தியோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்றவள் நான். விஞ்ஞானி இல்லை, ஆய்வக உதவியாளர். மீடியா (திசு வளரும் சத்துக்கூழ்) காய்ச்சியதும் குடுவை கழுவியதும்தான் என் வேலை. இருந்தாலும் அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

ஒரு பருத்திக்கொட்டையின் ஓட்டை உடைத்து, பருப்பைக் குறுக்கே பிளேடால் நறுக்கிப் பாருங்கள். வெளிறிய மஞ்சள் பருப்பு முழுக்கக் குட்டிக் குட்டிக் கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுரப்பி. அதற்குள் இருப்பது காஸிபோல் என்கிற நச்சு. மாடு இதை ஓரளவு தாங்கும், அசைபோடும் வயிறு அதற்கு இருக்கிறது. கோழிக்கும் பன்றிக்கும் அந்த வசதி கிடையாது. பருத்திப் பிண்ணாக்கைத் தின்ற கோழியின் முட்டையை எடுத்து வைத்தால் மஞ்சள் கரு ஒரு மாதிரி பச்சை பூத்துப்போகும். சீனாவில் இதையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக்கி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். உடம்பில் பொட்டாசியம் குறைந்தது, சிலருக்கு இழந்த கருவளம் திரும்பவே இல்லை. கைவிட்டுவிட்டார்கள்.

ஒரு கிலோ பஞ்சு எடுத்தால் கூடவே ஏறத்தாழ 1.65 கிலோ விதை வரும். விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். உலகம் முழுவதும் சேர்த்தால் ஆண்டுக்கு நாலு கோடி டன்னுக்கு மேல் பருத்திக்கொட்டை என்று 2006 வாக்கில் கணக்கிட்டிருந்தார்கள். எண்ணெயைச் சுத்திகரித்து நாம் எடுத்துக்கொள்கிறோம், புரதம் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. பசித்தவர் பலர் இருக்கிற உலகத்தில் இது உறுத்தலான கணக்கு.

நச்சில்லாத பருத்தி 1950களிலேயே அமெரிக்காவில் கிடைத்தது. மக்மைக்கேல் என்பவர் கண்டெடுத்த, சுரப்பியே இல்லாத செடி அது. விதை சுத்தம். வயலில் போட்டால் பூச்சிகள் விருந்து கொண்டாடின. இலையிலும் காயிலும் இருந்த சுரப்பிகளும் சேர்ந்தே போய்விட்டதால் செடிக்குக் காப்பு இல்லாமல் ஆகிவிட்டது. எந்த விவசாயி பயிரிடுவார்?

இந்த இடத்தில்தான் கீர்த்தி ராத்தோர் வருகிறார். இந்தியாவில் பிறந்து டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். காஸிபோலை உண்டாக்கும் பாதையில் ஆரம்பப் படியில் நிற்கும் நொதி டெல்டா-காடினீன் சின்தேஸ். அதற்கான மரபணுவை 'எதிர் ஆர்.என்.ஏ.' என்னும் பழைய உத்தியால் அடக்கச் சில குழுக்கள் முயன்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு சின்னப் புழுவில், இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால் அதே வரிசை கொண்ட மரபணுவின் பேச்சு அடங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். செல் அந்த இரட்டை இழையைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தத் துண்டுகளை வைத்தே தன் தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது அந்த மரபணுவின் கட்டளையைச் சுமந்து செல்லும் நகலை, அடையாளம் கண்டு அழிக்கிறது. டி.என்.ஏ.வில் அந்த மரபணு இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும்.

ராத்தோர் குழு அந்த நொதியின் மரபணுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, கொண்டை ஊசி போல் மடங்கும் ஆர்.என்.ஏ. தரும்படி அமைத்தது. அதற்கு முன்னால் அவர்கள் வைத்த விசைதான் விஷயமே: விதையில் சேமிப்புப் புரதம் உருவாகும்போது மட்டும் வேலை செய்கிற ஒரு புரமோட்டர். ஆகவே அடக்கல் விதைக்குள் மட்டும் நடந்தது. 2006இல் கட்டுரை வந்தபோது (முதல் ஆசிரியர் பெயர் கணேசன் சுனில்குமார்) விதையில் காஸிபோல் மிகமிகக் குறைந்திருந்தது, இலை, பூ, காய் எல்லாவற்றிலும் பழையபடியே இருந்தது. அந்த விதை முளைத்து வந்த நாற்றுக்கும் தற்காப்பு நச்சுகளை உண்டாக்கும் திறன் போகவில்லை என்று பின்னால் காட்டினார்கள். ஃபயருக்கும் மெல்லோவுக்கும் நோபல் பரிசு அறிவித்ததும் அதே 2006இல்தான்.

இனி கிரிஸ்பருக்கு வருவோம். ராத்தோர் அதையும் விட்டுவைக்கவில்லை. 2017இல் பருத்தியில் கிரிஸ்பர் வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். 2019இல் சுரப்பி உருவாவதற்குக் காரணமான மரபணுக்களை அதே கருவியால் ஒவ்வொன்றாக வெட்டி, எது என்ன செய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். முக்கியமான ஒன்றை வெட்டினால் செடி முழுக்கச் சுரப்பி இல்லாமல் போயிற்று. அதாவது 1950களின் அதே செடி! கட்டுரையாளர் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். மரபணுவை வெட்டுவது மேல்தொட்டியிலிருந்து வரும் குழாயையே அறுப்பதைப் போன்றது, எந்த வீட்டுக்கும் தண்ணீர் வராது. அடக்குவது ஒரு வீட்டின் குழாயை மட்டும் மூடுவது. கமலா நெல்லில் சி.கே.எக்ஸ்.2 மரபணுவைச் செடி முழுக்கச் செயலிழக்கச் செய்ததால் நெல்மணிதான் கூடியது, கேடு இல்லை, அங்கே கிரிஸ்பர் சரி. பருத்தியில் இலைக்கு வேண்டியது விதைக்கு வேண்டாம். எந்தக் கருவி புதியது என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது.

'சில மாதங்களில் புதிய ரகம்' என்ற இன்னொரு வரியும் இருக்கிறது. அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். நெல்லைப் பற்றி எனக்குத் தெரியாது, பருத்தியைத் தெரியும். விதையை அடர்ந்த கந்தக அமிலத்தில் போட்டுப் பஞ்சுத்தூவி போகக் கழுவி, கிருமி நீக்கி, முளைக்க வைத்து, நாற்றின் தண்டைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, மரபணுவைச் செடிக்குள் கொண்டுசேர்க்கும் அக்ரோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரில் நனைத்து, அந்த மரபணு ஏறாத செல்களை ஒடுக்கும் கேனமைசின் கலந்த மீடியாவில் அடுக்குவோம். கேலஸ் (உருவமில்லாத செல் திரள்) வரும், அது பெரிய விஷயமில்லை. கெட்டியாகப் பச்சையாக வந்தால் அது எதற்கும் ஆகாது. மணல்மணலாக, உதிரி உதிரியாக, மஞ்சளாக வந்தால்தான் அதிலிருந்து கரு பிறக்கும். அந்த மஞ்சளுக்காக மாதக்கணக்கில் மீடியா மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் துண்டுகள் பழுப்பேறிச் செத்துப்போகும், பூஞ்சை விழும், இரவில் ஏ.சி. நின்றுவிடும். செடியாகிப் பசுமைக்குடிலுக்குப் போகவே ஏறக்குறைய ஒரு வருடம். அதிலும் எல்லா ரகமும் இதற்கு மசியாது. உலகமெங்கும் பருத்தி ஆய்வகங்கள் கோக்கர் 312 என்ற பழைய அமெரிக்க ரகத்தையே கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம், அதுதான் கண்ணாடிக் குடுவைக்குள் ஒத்துழைக்கும். பிறகு அதிலிருந்து நல்ல ரகங்களுக்கு மாற்றக் கலப்பு மேல் கலப்பு. கிரிஸ்பர் இந்த வேலையில் ஒரு நாளைக்கூடக் குறைத்துத் தராது. கத்தரித்த பின்னும் செல்லைச் செடியாக்கியே தீர வேண்டும்.

ராத்தோரின் பருத்தியையே பாருங்கள். 2006இல் கட்டுரை. வயல் சோதனைகள் முடிந்து அமெரிக்க வேளாண் துறை பயிரிட அனுமதித்தது 2018 அக்டோபரில். உணவாகவும் தீவனமாகவும் பயன்படுத்தலாம் என்று உணவு மருந்து நிர்வாகம் சொன்னது 2019 அக்டோபரில். ஒரு மனிதர் தன் பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஒரே ஒரு விதையில் உள்ள ஒரே ஒரு நச்சுக்குக் கொடுத்திருக்கிறார். 'புரட்சி' என்று கொட்டை எழுத்தில் போடுகிற பக்கத்தில் இப்படிப்பட்ட வாழ்க்கைக்கும் இரண்டு பத்தி ஒதுக்கலாமே?

சட்டத்தைப் பற்றிக் கட்டுரையில் இருந்தது சரிதான். வெளி டி.என்.ஏ. இல்லாத திருத்தப் பயிர்களுக்கு மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடும் விதிகளிலிருந்து 2022 மார்ச்சில் நம் அரசு விலக்கு அளித்தது. ராத்தோரின் பருத்தியில் அடக்கும் துண்டு உள்ளே செலுத்தப்பட்டு நிற்பதால் இங்கே அது மரபணு மாற்றுப் பயிராகத்தான் பார்க்கப்படும். அது நியாயமா என்று வேளாண் அறிஞர்கள் வாதாடட்டும். என் கருத்து, எந்த வழியில் வந்தது என்று பார்ப்பதோடு விதையில் என்ன மாறியது என்பதையும் அளக்க வேண்டும்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது மதுரையில் இருக்கும் என் நாத்தனார், "அப்ப பருத்திப்பால் குடிக்கக் கூடாதா அண்ணி?" என்று பதறிவிட்டாள். வேகவைக்கும்போது காஸிபோலில் ஒரு பங்கு புரதத்தோடு பிணைந்து வீரியம் குறையும் என்று சொல்லி வைத்தேன். வாட்ஸ்அப்பில் யாராவது இதை வைத்துப் பீதி கிளப்புவதற்கு முன்னால், தள்ளுவண்டியில் விற்கிற பருத்திப்பாலை ஒரு ஆய்வகத்தில் கொடுத்து அளந்து உங்கள் நாளிதழே வெளியிட்டால் உபயோகமாக இருக்கும்.

'காலாவதி', 'சில மாதங்கள்' என்ற இரண்டு வரிகளுக்கும் அடுத்த இணைப்பில் திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். கூடவே இன்னொன்று. கட்டுரைக்கு மேலே பெரிதாகப் போட்டிருந்த படம் பருத்திக்காய் கிடையாது, இலவங்காய்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திசு வளர்ப்பு ஆய்வக உதவியாளர்,
வடவள்ளி, கோயம்புத்தூர்.